தாழியின் மேல் எங்கள் பெயர்

பனாலிகன் என்ற எங்கள் குடும்பப் பெயர் இந்தத் தீவில் பேருந்து நிறுத்தத்தில் இருக்கிறது, தேவாலயத்து பெஞ்சுகளில் இருக்கிறது, கூடைப்பந்துப் பலகையிலும் இருக்கிறது. எல்லாம் நாங்கள் கொடுத்தவை. எழுதிக்கொள்ள எங்களுக்கு உரிமை உண்டு. கொடுக்காத ஒன்றின் மேலும் அதை எழுதி வைத்தவன் என் சொந்தத் தம்பி ருஃபினோ.

புயலுக்குப் பிறகு எங்கள் தென்னந்தோப்பு மேட்டில் பாறை சரிந்து ஒரு குகை திறந்துகொண்டது. உள்ளே மூடியோடு ஒரு பழைய மண்தாழி. அதற்குள் மண்ணும் எலும்புகளும். போரில் ஜப்பான்காரன் புதைத்த தங்கம் என்று கடப்பாரையோடு வந்தவர்களை நான்தான் குடையை நீட்டித் தடுத்தேன். அருங்காட்சியகத்துக்கும் நானே போனில் சொன்னேன். கடல் அடங்கியதும் வருவதாகவும், அதுவரை யாரும் தொடக் கூடாதென்றும் அபுயென் என்ற பெண் அதிகாரி சொன்னாள்.

"யாரும் தொட மாட்டாங்க. பனாலிகன் வார்த்தை" என்றேன், ஊர்த்தலைவர் முன்னிலையில்.

குகை வாயில் மூங்கில் கதவு போட்டுப் பூட்டினேன். கண் சிகிச்சைக்கு நகரத்துக்குப் போனபோது சாவியைத் தம்பியிடம் கொடுத்தேன். திரும்பி வந்தபோது தாழி எங்கள் வீட்டு வாசலில் நின்றது. தேய்த்துக் கழுவி, வார்னிஷ் பூசி, நடு வயிற்றில் வெள்ளை எனாமலில் பெரிய எழுத்து: பனாலிகன் குடும்பத்தின் அன்பளிப்பு.

"பாத்தியா அக்கா, எப்படி மின்னுது!" என்றான். "கப்பல்ல காலமெல்லாம் இதானே செஞ்சேன். சுரண்டு, கழுவு, பெயிண்ட் அடி. உப்புக்காத்து கிட்டவே வராது."

"இது இரும்பாடா?"

"திருவிழாவுக்கு எல்லாரும் பாப்பாங்கல்ல? நம்ம பேரு…"

"உள்ள ஒரு மனுஷன் இருந்தானேடா. அவன் எங்க?"

அவன் மூலையில் கிடந்த ஒரு பிஸ்கட் டின்னைக் காட்டினான். நான் அவனோடு பேசுவதை நிறுத்தினேன்.

மறுநாள் படகில் அபுயென் வந்தாள். தாழியைச் சுற்றி வந்து பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"உள்ள இருந்த மண்ணு எங்க சார்?"

"தென்னைக்குப் போட்டேன்மா. நல்ல உரமாச்சே."

கூட வந்திருந்த ஊர்த்தலைவர் சிரித்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்ததும் இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

ருஃபினோவுக்கு அப்போதுதான் முகம் வெளுத்தது. "தின்னர் இருக்கும்மா. அஞ்சு நிமிஷத்துல பேரைத் துடைச்சிடுறேன்."

"தொடாதீங்க!" முதன்முறையாக அவள் குரல் உயர்ந்தது. "பெயிண்ட்டுக்கு அடியில பழைய செஞ்சாயம் இருக்கு. அதுவும் சேந்து போயிடும். எங்க ஆளுங்க மெதுவா முயற்சி பண்ணுவாங்க. வரலன்னா அப்படியேதான்." பிறகு என் பக்கம் திரும்பி, பணிவாகச் சொன்னாள்: "கவலைப்படாதீங்கம்மா. அருங்காட்சியகத்துல வைக்கும்போது பேரு செவுத்துப் பக்கமா இருக்கிற மாதிரி வச்சிடறோம்."

நான் தாழியின் முன் போய் நின்றேன்.

"எதுக்கு? முன்பக்கமாவே வைங்க. கெடுத்தது யாருன்னு வர்றவன் போறவன் எல்லாம் படிக்கட்டும்."

"கொன்சோர்சியாம்மா, குடும்ப மானம்…" என்று ஊர்த்தலைவர் இழுத்தார்.

"மானம் அவன் பிரஷ்ஷை எடுத்தப்பவே போயாச்சு. இப்ப செவுத்துப் பக்கம் திருப்பினா, திருட்டுத்தனமும் சேந்துக்கும். தாழிக்குள்ள இருந்த ஆளுக்கும் ஒரு பேரு இருந்திருக்கும். அதை யாரும் எழுதி வைக்கல. அவன் வீட்டு மேல நம்ம பேரு!"

சமையலறையிலிருந்து மாவுச் சல்லடையைக் கொண்டு வந்து தம்பியின் காலடியில் எறிந்தேன்.

"எந்தத் தென்னைன்னு காட்டு. மொத்த மண்ணையும் சலி."

"வெயில் ஏறுது அக்கா. சாப்பிட்டுட்டு…"

"சலி."

தோப்பில் நாற்காலி போட்டுக் குடையை விரித்து உட்கார்ந்தேன். அபுயென் பக்கத்தில் ஒரு துணியை விரித்து வைத்திருந்தாள். அவன் முழங்காலிட்டுச் சலித்தான். சட்டை முதுகோடு ஒட்டியது. அடுப்பில் மீன் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. நான் அவனைக் கூப்பிடவில்லை.

வெயில் சாயும்போது, "அக்கா!" என்று குழந்தைபோலக் கத்தினான். உள்ளங்கையில் ஒரு நீலப் பாசிமணி, மிளகளவு. ஓடி வந்து என் முன்னே நீட்டினான்.

"என்கிட்ட ஏன் காட்டுற?" என்றேன். "நம்மளதா அது? அவங்க துணியில வை. வச்சிட்டுப் போய் மிச்சத்தைச் சலி."