ஷிஃப்டுக்குப் போன கட்டைவிரல்

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் தகடு வெட்டுகிற பவர் பிரஸ் நறுக்கிப்போட்ட சங்கமித்ராவின் வலது கட்டைவிரல், அடுத்த திங்கட்கிழமையே வேலைக்குத் திரும்பிவிட்டது. அவள்தான் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். விரல் காலை ஷிஃப்டுக்கு நேரத்தில் வந்து, வாசலில் மாட்டியிருந்த வருகைப்பதிவு மிஷினில் ரேகையை அழுத்தியது. எல்லோருக்கும் சொல்வதுபோல மிஷின் "தேங்க் யூ" என்றது. அந்தக் கம்பெனியில் வாய்திறந்து நன்றி சொன்னது அது ஒன்றுதான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

முதலாளி முனிகிருஷ்ணன் ஆயுத பூஜைக்கு அந்த பிரஸ்ஸுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தவர். மிஷினுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். அதில் தகடு வைத்து எடுக்கிற பெண்களுக்கு எடுக்கவில்லை, ஈ.எஸ்.ஐ.யும் கட்டவில்லை. கை உள்ளே போனால் மிஷினை நிறுத்துகிற சென்சார் ஒன்று இருந்தது. உற்பத்தி குறைகிறதென்று அதையும் கழற்றி டிராயரில் போட்டுவிட்டார். இரும்புக்கு மாலை, மனுஷிக்குப் பட்டை நாமம். என்ன ஜென்மமோ!

ரத்தம் சொட்டச் சொட்ட அவளை ஆட்டோவில் ஏற்றும்போது அவர் சொன்னது இதுதான்: "வீட்டு கிரைண்டர்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லும்மா. கம்பெனி பேரு வேணா. நான் பாத்துக்கறேன்." சங்கமித்ரா அப்படியே சொன்னாள். அவள் கோலார் தங்கவயல்காரி. அவள் அப்பா காலத்தில் சுரங்கத்தில் அடிபட்டவனைக் கம்பெனி ஆஸ்பத்திரிதான் பார்த்தது. முதலாளி பார்த்துக்கொள்வதாகச் சொன்னால் பார்த்துக்கொள்வார் என்று நம்பி வளர்ந்தவள். கட்டுப்போட்ட கையோடு அவள் போய் நின்றபோது முனிகிருஷ்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "யாரும்மா நீ? இங்க வேல செஞ்சேன்னு யார் சொன்னா?" என்று கேட்டார். இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

விரலோ வேலையை விடவில்லை. ஒட்டவைக்கிற நேரம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், சந்தாபுராவில் அவள் வாடகை வீட்டில் தலையணை ஓரம் தூங்கி, விடிந்ததும் பஸ் பிடித்தது. பெண்களுக்கு இலவசம் என்பதால் கண்டக்டர் ஆதார் கேட்டார்; ரேகையைக் காட்டியதும் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். முனிகிருஷ்ணன் அவள் பெயரை மிஷினிலிருந்து அழித்தார். மறுநாளும் "தேங்க் யூ." விரலைப் பெருக்கித் தள்ளச் சொன்னார். குப்பையோடு போனது மறுநாள் ஷிஃப்டுக்கு வந்து நின்றது. அடுத்த ஆயுத பூஜையும் வந்து போனது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குக்கூட அது லீவு போடவில்லை.

பக்கத்து வீட்டு மௌரீன், கார்மென்ட்ஸ் சங்கத்தில் இருப்பவள், விஷயம் தெரிந்து கொதித்துப்போனாள்.

"இன்சூரன்ஸ் இல்லேன்னா அவ்ளோதான்னு உக்காந்துட்டியா? கட்டாதது அவன் தப்புடி. அப்ப அவன் கைக்காசுலேந்துதான் நஷ்டஈடு குடுக்கணும், சட்டம் அதான். கேஸ் போடு."

"நானே கிரைண்டர்னு சொல்லிட்டேனேக்கா."

"சொல்ல வெச்சது யாரு? அதையும் ஜட்ஜ்கிட்ட சொல்லு."

சொன்னாள். கோர்ட்டில் முனிகிருஷ்ணனின் வக்கீல், இந்தப் பெண் எங்கள் கேட்டையே மிதித்ததில்லை என்று கூசாமல் வாதாடினார். நீதிபதி வருகைப்பதிவு மிஷினைக் கொண்டுவரச் சொன்னார். சங்கமித்ராவின் கைப்பையிலிருந்து விரல் இறங்கி, மேஜையேறி அழுத்தியது. அழித்துப்போட்ட பெயரோடு மிஷின் சத்தமாகச் சொன்னது: "சங்கமித்ரா. தேங்க் யூ." விரலிடம் சத்தியப் பிரமாணம் எப்படி வாங்குவது என்பதில் மட்டும் சற்றுத் தாமதமானது. வேறு ஆட்சேபம் எழவில்லை.

இன்சூரன்ஸ் இல்லை என்பது முதலாளிக்குச் சாக்கு ஆகாது, முழு நஷ்டஈட்டையும் வட்டியோடு அவரே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. மனுஷன் சொந்தக் காரை விற்றுக் கட்டினார். கட்டட்டுமே! அதனால் விரல் முளைத்துவிடுமா?

பணம் வந்த மறுநாள் விடியற்காலையில் விரல் வழக்கம்போல எழுந்து கதவுப் பக்கம் போனது. சங்கமித்ரா பாயில் படுத்தபடியே, "வேணாம், வந்து படு" என்றாள். அது திரும்பி வந்து அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டது. அவள் போர்வையை இழுத்து அதற்கும் சேர்த்துப் போர்த்தினாள். ஏழு மணி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.