ரோட்டில் ஓர் ஈரக்கோடு

தினமும் செய்கிற வேலையில் ஒரு தொல்லை உண்டு. இன்றைக்குச் செய்தோமா என்று யோசித்தால் நேற்றைக்குச் செய்ததுதான் ஞாபகத்தில் வந்து நிற்கும். அன்று காலை டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து, தட்டின் முன்னால் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அந்த வால்வு நினைவுக்கு வந்தது.

நான் தீயணைப்பு வண்டி டிரைவர். ஓட்டுவது பாதி வேலை. நிற்கிற வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பது மீதிப் பாதி. தினமும் டியூட்டி முடியும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, தண்ணீர் டேங்கின் வடிகால் வால்வைத் திறந்து, தங்கியிருக்கும் துருவையும் மண்ணையும் வெளியே விட்டு, மறுபடி இறுக்கி மூட வேண்டும். அன்று திறந்தேன். துருத்தண்ணீர் போய் நல்ல தண்ணீர் வந்தது. மூட ஆரம்பித்தபோது போன் அடித்தது. வரும்போது சோப்பு வாங்கி வரச் சொன்னாள் என் மனைவி. சோப்பு வாங்கியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. வால்வை முழுக்க இறுக்கியது ஞாபகம் இல்லை.

"என்னங்க, சாப்பிடாம அளைஞ்சுக்கிட்டே இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல."

சொட்டுச் சொட்டாகப் போனாலும் டேங்கு காலியாகிவிடும். எரிகிற வீட்டின் முன்னால் வெறும் பம்பை ஓட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். என்னிடமிருந்து வண்டியை வாங்கிக்கொண்டவன் வேறு யாராவது என்றால் ஒரே போனில் முடிகிற விஷயம். ஆனால் வாங்கியவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. போன மாதம் அவன் ஹோஸ் பெட்டியின் கதவைச் சரியாகத் தாழிடாமல் வண்டியை எடுத்து, ஹோஸ் தெரு நெடுக இழுபட்டு வந்தது. "பாக்கத் தெரியாதவன் கையில வண்டியைக் குடுக்கக் கூடாது சார்" என்று எல்லோர் முன்னாலும் ஆபீசரிடம் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். அவனை ஸ்டீயரிங் பக்கமே விடாமல் வைத்திருந்து, இந்த வாரம்தான் திரும்ப ஏற்றினார்கள். அதிலிருந்து அவன் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. மனைவி எனக்குச் சாப்பாடு தாராளமாகப் போடுகிறாள், பேச்சைத்தான் அளந்து போடுகிறாள்.

எழுந்து கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். கேஸ் அடுப்பின் குமிழைத் திருகிப் பார்த்தேன். குளியலறைக் குழாயை இறுக்கினேன். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"வீட்டை டெஸ்ட் பண்றீங்களா? பாஸா, ஃபெயிலா?" என்றாள்.

தாங்கவில்லை. மச்சினனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, வண்டி எல்லாம் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் மாமா."

"டேங்கு?"

"ஃபுல்லாத்தான் இருந்துச்சு."

"அடியில குனிஞ்சு பாத்தியா?"

"என்னைச் சோதிச்சு இன்னும் முடியலையா மாமா?" என்று வைத்துவிட்டான்.

நான்தான் மூடாமல் விட்டேனோ என்னவோ என்று சொல்லியிருந்தால் போதும். மறுபடி கூப்பிட விரல் போனது, போனைக் கீழே வைத்துவிட்டேன். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. ஸ்டேஷனுக்குப் போய், யாருக்கும் தெரியாமல் மூடிவிட்டு வந்துவிடலாம் என்று புத்தி போனது. சட்டையை மாட்டிப் பொத்தான் போடும்போதே சைரன் கேட்டது.

வாசலுக்கு ஓடினேன். மச்சினன் முன்னால் மட்டுமே பார்த்தபடி எங்கள் தெருவைத் தாண்டிப் போனான். வண்டி போன பிறகு ரோட்டைப் பார்த்தேன். வெயிலில் காய்ந்து கிடந்த தாரின் மேல் நூல் பிடித்த மாதிரி ஈரம் ஓடியிருந்தது.

மறுபடி போன் போட்டேன். வண்டி ஓட்டுகிறவன் எங்கே எடுப்பான்? ஸ்கூட்டரைக் கிளப்பினேன். மனைவி ஒன்றும் கேட்காமல் பின்னால் ஏறிக்கொண்டாள்.

"டேங்கு வால்வை நான்தான் சரியா மூடல," என்றேன். முகத்தைப் பார்க்க வேண்டியில்லாததால் சொல்ல முடிந்தது.

"இதை அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

ஈரத்தைப் பிடித்துக்கொண்டே போனோம். மருந்துக்கடை வளைவில் அது ஒரு பெரிய திட்டாகத் தேங்கியிருந்தது. அதற்கப்புறம் ரோடு காய்ந்திருந்தது. டேங்கு காலியாகிவிட்டதா, வால்வை யாராவது மூடினார்களா என்று ரோட்டைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஸ்கூட்டரை முறுக்கினேன்.

எரிந்தது ஒரு மெத்தைக் கடை. போய்ச் சேர்ந்தபோது புகைதான் மிச்சம் இருந்தது. ஹோஸில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மச்சினன் பம்ப் பக்கத்தில் நின்றான். அவன் சட்டை முதுகெல்லாம் ரோட்டு அழுக்கு. கடைக்காரர் ஆபீசரிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"வண்டிக்கு வழி காட்ட முன்னாடி போய் நின்னேன் சார். என் கடை எரியுது, இவர் வளைவுல வண்டியை நிறுத்திட்டு அடியில படுத்திருக்காரு."

ஆபீசர் மச்சினனிடம் திரும்பினார். "எதுக்கு நிறுத்துன?"

அவன் என்னைப் பார்த்துவிட்டான். "அடியில ஏதோ சத்தம் வந்துச்சு சார். பாத்தேன். ஒண்ணுமில்ல."

"திரும்ப ஏறின வாரமே இப்படியா? சாவியைக் குடு."

அவன் சாவியை நீட்டினான். என் மனைவி என்னைப் பார்க்காமல் போய், தம்பியின் முதுகிலிருந்த அழுக்கைத் தட்டிவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"சார், அவன் நிறுத்தலைன்னா டேங்குல தண்ணியே இருந்திருக்காது. வால்வை மூடாம விட்டது நான்." எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். போன மாதமும் அப்படித்தானே சொன்னேன்.

ஆபீசர் சாவியை அவனிடமே கொடுத்தார். என்னிடம், "நாளைக்கு வந்து என்னைப் பாரு," என்றார்.

கிளம்பும்போது மச்சினன் வண்டிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். "வால்வை இறுக்கி மூடியிருக்கேன் மாமா. ஒரு தடவை குனிஞ்சு பாத்துடறீங்களா?"

கிண்டலா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டான்.

"நீதான் பாத்துட்டியே மாப்ள. போ."

கை மட்டும் சும்மா இருக்கவில்லை, பின்னால் கட்டிக்கொண்டேன். வண்டி போனதும், ரோட்டைப் பார்க்காமல் ஸ்கூட்டரைத் திருப்பினேன்.