தூக்கம் விற்பவன் மகள்

நான் மெத்தை விற்கிறவன். கடைக்குள் வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மெத்தையில் மல்லாந்து, கூரையைப் பார்த்தபடி, "முதுகு வலிக்குதுங்க" என்று ஆரம்பித்தால் போதும். தூக்கத்தைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவேன். ஸ்பிரிங், பஞ்சு, ரப்பர் எல்லாம் எனக்கு அத்துப்படி. அப்படிப்பட்டவன் வீட்டில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி தூக்கமில்லாமல் தவிக்கிறாள் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இன்னும் பாப்பா என்றுதான் அவளைக் கூப்பிடுகிறோம். பள்ளி இறுதி வருஷம். விடிவதற்கு முன் நுழைவுத் தேர்வுக்கான ஒரு கோச்சிங் வகுப்பு, அப்புறம் பள்ளி, சாயங்காலம் மறுபடி கோச்சிங், அது முடிந்து வீட்டுப் பாடம். நடுவில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே தூக்கம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குவதாக அவளே பெருமையடித்துக்கொண்டாள். பசி மட்டும் தவறாமல் வந்தது. பிஸ்கட் டப்பாவை நிரப்பி வைத்தால் மறுநாள் அடியில் தூள்தான் இருக்கும். காலையில் தட்டைத் தள்ளிவிடுவாள். ராத்திரி சாப்பிட்ட கை காய்வதற்குள் இனிப்பு தேடி அலமாரியைத் துழாவுவாள். "கொஞ்சம் வாயைக் கட்டக் கூடாதா?" என்று என் மனைவி திட்டுவாள். "பசிக்குதும்மா" என்பாள் இவள். பாவம், பொய் சொல்லவில்லை.

டாக்டரிடம் போனது கழுத்துக்காக. பின்கழுத்தில் கருப்பாகப் படிந்திருந்தது. சரியாகக் குளிப்பதில்லை என்று சொல்லி என் மனைவி அவளை உட்காரவைத்து, நார் போட்டுத் தேய்த்தாள். தோல் சிவந்ததே ஒழிய கருப்பு போகவில்லை. டாக்டரம்மா அதைப் பார்த்ததுமே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வந்த அன்று என் மனைவியிடம் சொன்னார்:

"இது அழுக்கு இல்லம்மா. இன்சுலின் நிறைய சுரக்குது, உடம்பு அதைச் சட்டை பண்ண மாட்டேங்குது. அதோட அடையாளம் இது. சர்க்கரை இன்னும் வியாதி ஆகல. எல்லையில வந்து நிக்குது."

"இனிமே இனிப்பைக் கண்ணுலயே காட்ட மாட்டேன் டாக்டர்."

"குறைங்க. கொஞ்சம் நடக்கட்டும். ஆனா முதல்ல தூங்க விடுங்க. தூக்கம் கொறஞ்சா பசியைக் கிளப்புற சுரப்பு ஏறும், போதும்னு சொல்ற சுரப்பு இறங்கும். இவளைத் திட்டி என்ன ஆகப்போகுது? எட்டு மணி நேரமாவது தூங்கணும். இப்பவே பிடிச்சா திருப்பிடலாம். விட்டுட்டா காலத்துக்கும் மாத்திரையோட அலையணும்."

திரும்பி வரும் வழியெல்லாம் மனைவி பாப்பாவின் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். மனைவியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

கோச்சிங் வாத்தியாரைப் பார்க்கப் போனேன். தெரிந்தவர்தான், எங்கள் கடையில் மெத்தை வாங்கியவர். "சூப்பர் மெத்தை சார், படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன்" என்று வரவேற்றார். விஷயத்தைச் சொன்னதும் நெற்றியைத் தேய்த்தார். "காலை வகுப்பை விட்டா சாயங்காலம் ஒண்ணும் புரியாது சார். தள்ளி வைக்கவும் வழியில்லை, பள்ளிக்கூடம் அவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்குதே." பள்ளியில் கேட்டால் பஸ் நேரத்தைக் காட்டினார்கள். பஸ்காரரோ, "பள்ளிக்கூடத்துல சொன்ன நேரம்தான் அண்ணே" என்றார். எல்லோரும் நல்லவர்கள். குழந்தை தூங்கணும் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்தே இல்லை. எனக்கு யாரையாவது ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது. அறைய ஆள்தான் அகப்படவில்லை.

"விட்டுடு பாப்பா. இந்தப் படிப்பு இல்லாட்டி வேற படிப்பு" என்று அவளிடமே சொல்லிப் பார்த்தேன்.

"ரெண்டு வருஷமா படிச்சிருக்கேன்ப்பா. இன்னும் நாலு மாசம்தான். இப்பப் போய் விடுன்னா?"

சொல்லும்போதே கண்ணில் தண்ணீர். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் மெத்தைதான். கடையில் இருந்ததிலேயே நல்லதாக ஒன்றை வண்டியில் ஏற்றி வந்து அவள் கட்டிலில் போட்டேன். சாயங்காலம் அவள் அதன்மேல் சம்மணம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"படுத்துப் பாரேன்."

"வேண்டாம்ப்பா. ரொம்ப நல்லா இருக்கு. படுத்தா தூங்கிடுவேன்."

அந்தச் சனிக்கிழமை காலை கோச்சிங்கில் மாதிரித் தேர்வு. அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் அசையவில்லை. எழுப்பத்தான் போனேன். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, வாய் லேசாகத் திறந்து, சின்ன வயதில் தூங்கியது போலவே தூங்கிக்கொண்டிருந்தாள். அலாரத்தை அணைத்தேன். வாசலில் நின்ற மனைவி, "ஏங்க..." என்று ஆரம்பித்தாள். பிறகு அவளே உள்ளே வந்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

வெயில் நன்றாக ஏறியபின் எழுந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்துவிட்டாள் போல. சோம்பல் முறித்துக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாள். முகம் தெளிந்திருந்தது. மனைவி இன்னும் கொஞ்சம் பரிமாறப் போனபோது தட்டைக் கையால் மறைத்து, "போதும்மா" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை மாதம் ஆகிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்புறம் பாப்பா போனை எடுத்துப் பார்த்தாள். தோழி பல தடவை கூப்பிட்டிருந்தாள்.

கத்துவாள், தட்டைத் தூக்கி அடிப்பாள் என்று காத்திருந்தேன். "அலாரம் அடிச்சுதா?" என்று மட்டும் கேட்டாள்.

"அடிச்சுதும்மா. நான்தான் அணைச்சேன்."

எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தேர்வுக்கு வராதவர்களைக் கடைசிக் குழுவுக்கு மாற்றுவது அந்தக் கோச்சிங்கில் வழக்கம். நான் போய்க் கெஞ்சினேன். வாத்தியார் மனப்பூர்வமாக வருத்தப்பட்டார். மாற்றிவிட்டார்.

விட்டதைப் பிடிக்க அவள் இன்னும் அதிகமாகக் கண் விழித்தாள், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இப்போது படுத்தாலும் தூங்குவதில்லை. போனை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு படுக்கிறாள். அலாரம் வைத்தபடியே இருக்கிறதா என்று எழுந்து எழுந்து பார்க்கிறாள். விடியும்போது பார்த்தால் பாதி நாள் நாற்காலியில்தான் இருக்கிறாள், மேஜைமேல் தலையைச் சாய்த்து. எல்லையில் நின்ற சர்க்கரையை அந்தப் பக்கம் தள்ளியது நானேதானோ என்று தோன்றுகிறது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கண்கள் சிவந்து கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அறைக்குள் போனேன்.

"கொஞ்ச நேரம் படு பாப்பா. நான் இங்கயே உக்காந்திருக்கேன். சொன்ன நேரத்துக்கு எழுப்பி விடறேன்."

"எழுப்ப மாட்டப்பா."

"சத்தியமா எழுப்பறேன்டா."

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னாள்: "நான் நல்லா இருக்கணும்னு நினைக்கிற இல்ல, அதான்ப்பா. நான் தூங்கறதைப் பார்த்தா உனக்கு எழுப்ப மனசு வராது."

அங்கேயே நின்றேன். அவள் புத்தகத்தைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் தலை தாழ்ந்தது, இமைகள் ஒட்டின. நான் மூச்சுக்கூட விடவில்லை. சட்டென்று கண்ணைத் திறந்தாள். நான் இன்னும் நிற்பதைக் கண்டு திடுக்கிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நான் அங்கே இருக்கும்வரை அவள் தூங்கமாட்டாள் என்று புரிந்தது. வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.