வெட்கம் என்று பெயர்

என் அக்கா உதயகலாவுக்கு மகளைவிட மகள் பூப்படைந்ததற்குச் செய்யும் சாமத்தியவீடு பெரிது. மகள் தர்மிகா எவர் முகத்தையும் பார்த்துக் கதைக்கமாட்டாள். சத்தம் கேட்டால் காதைப் பொத்துவாள். ரயில் இஞ்சின்களைப் பற்றி மட்டும் ஓயாமல் சொல்வாள். "உது ஓட்டிசம் வகை அஸ்பேர்கர் அறிகுறியாய் இருக்கலாம், ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டு" என்றேன்.

"என்ரை பிள்ளைக்கென்ன விசரே?" என்று சீறினாள்.

நேற்று சுன்னாகத்து மண்டபத்தில் பிள்ளையை மணப்பெண் போலச் சோடித்து மேடையில் இருத்தினார்கள். மேளம் முழங்கியது. அவள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தையே பார்த்தாள்.

"பாருங்கோவன், என்ன வெட்கம்! நல்ல வளர்ப்பு" என்றார்கள் பட்டுச்சேலை மாமிமார். பெண்பிள்ளை நிமிர்ந்து பாராவிட்டால் எங்கள் சனம் உடனே நற்சான்றிதழ் கொடுத்துவிடும். அக்கா பூரித்துப்போனாள்.

"மேளத்தை நிப்பாட்டச் சொல்லுங்கோ அம்மா, காது நோகுது" என்றாள் தர்மிகா.

"வீடியோ எடுக்கினம், சிரி" என்று அக்கா அவளின் கைகளை இழுத்து விலக்கினாள்.

பிள்ளை வீரிட்டுக் கத்தினாள். அக்கா மேளக்காரரிடம் ஓடினாள். இப்போதாவது விளங்கியதே என்று நினைத்தேன்.

"அண்ணை, பிள்ளை கத்திறது சபைக்குக் கேக்குது. இன்னும் பலமா அடியுங்கோ" என்றாள்.