முதல் ஆமென்

சீட்டுப் போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னதே ஜெயபாலன்தான். பிறகு யாரை நொந்துகொள்வது?

தெப்ராவில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்தச் சபை. அதைத் தொடங்கிய மூத்த பாஸ்டர், மகளோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அடுத்த பாஸ்டர் யார் என்பதில் சபை சரிபாதியாகப் பிரிந்து நின்றது. ஒரு பாதிக்கு ஜெயபாலன். செனாய் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், சபை தொடங்கிய நாளிலிருந்து உதவி ஊழியர். மறுபாதிக்கு ரூபேந்திரன், வேதாகமக் கல்லூரியில் படித்தவன், கன்னத்தில் ஒட்டிய மைக்கில் பேசுகிறவன், இளசுகளுக்கு அவன் என்றால் உயிர். கூட்டத்தில் பேச்சு முற்றிக் குரல்கள் உயர்ந்தபோது ஜெயபாலன் எழுந்தார்.

"யூதாஸ் போன இடத்துக்கு ஆள் எடுக்க அப்போஸ்தலர்கள் என்ன செஞ்சாங்க? ரெண்டு பேரை நிறுத்தி, ஜெபம் பண்ணி, சீட்டுப் போட்டாங்க. நாமளும் அப்படியே செய்வோம்லா. கர்த்தர் சொல்லட்டும்."

எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. என்ன தாழ்மை! தாழ்மையாவது மண்ணாவது. தன் பேர்தான் வரும் என்று அந்த மனிதருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. இல்லாவிட்டால் புதுச்சட்டை எதற்கு வாங்கினார்?

மைலோ டின்னுக்குள் இரண்டு சீட்டு. செல்வராணி சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். ரூபேந்திரன்.

கைதட்டல், கட்டிப்பிடித்தல், அழுகை, போட்டோ. ஜெயபாலனும் கைதட்டினார். அவரிடம் மட்டும் யாரும் வரவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, தோற்றவரிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். பிரியாணிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கூலாய்க்குக் காரோட்டினார். வீட்டில் விளக்குப் போட ஆள் இல்லை. மனைவி கஸ்தூரி இறந்து மூன்று வருஷமாகிறது. அதே கூலாயில் நாலு தெரு தள்ளி அண்ணன் அய்யாவு இருக்கிறார். இவர் ஞானஸ்நானம் எடுத்தபோது, "இனிமே அப்பா திதிக்குக்கூட நீ வராத" என்று சொன்னவர். அண்ணனை விட்டுத்தான் ஜெயபாலன் சபையைப் பிடித்தார். பொட்டலத்தைப் பிரிக்காமலே படுத்துவிட்டார்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பாஸ்டர் ஜெபத்தை முடித்ததும் முதல் ஆமெனை ஜெயபாலன் சொல்வார். யாரும் போட்ட சட்டமில்லை, தொண்டை அப்படி. அதன் பிறகுதான் கூட்டம் சொல்லும். "பாலன் ஆமென் சொன்னாத்தான் என் ஜெபம் மேல ஏறும்" என்று மூத்த பாஸ்டர் கேலி செய்வார். சீட்டு விழுந்த பிறகு வந்த ஞாயிறுகளில் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயை இறுக மூடிக்கொண்டார். ரூபேந்திரன் ஜெபித்து முடிப்பான். கூட்டம் பழக்கத்தில் காத்திருக்கும். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆமென் உதிரும். ஜெயபாலனுக்கு அது இனித்தது. இனிக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

வீட்டில் வேதத்தைத் திறந்துவைத்துக்கொண்டு தேடினார். அப்போஸ்தலர்கள் போட்ட அந்தச் சீட்டில் மத்தியாவோடு நிறுத்தப்பட்டு, பேர் விழாமல் போனாரே யோசேப்பு பர்சபா, அவர் அப்புறம் என்ன ஆனார்? புரட்டிப் புரட்டிப் பார்த்தும் ஒரு வரி இல்லை.

"ஏன்யா, வீட்டுக்குப் போயி அழுதியா இல்லையா, அதையாச்சும் சொல்லக்கூடாதா?" என்று காலி வீட்டில் வாய்விட்டே கேட்டார்.

அந்த வாரம்தான் செல்வராணி போன் செய்தார். "பிரதர், சீட்டை எடுத்தது இந்தக் கைதானே, மனசு கேக்க மாட்டேங்குது. எங்க வீட்டு ஹால் பெருசு. வர்ற ஞாயித்துக்கெழமையே தனியா ஆரம்பிச்சிருவோம். பாதி சபை நம்ம பக்கம்."

ரொட்டி சானாய் கடை போடுவதைவிட நம்மவர்களுக்குச் சபையை உடைப்பது சுலபம். ஜெயபாலன் சரி என்றார். பாஸ்டர் ஜெயபாலன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

சபைச் சாவி ஒன்று அவரிடம் இருந்தது. அதைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் மரியாதை என்று ஞாயிறு காலை முதலில் தெப்ராவுக்குப் போனார். மாடியில் ரூபேந்திரன் மைக் இல்லாமல், ஒற்றை ஆளாக நாற்காலிகளை விரித்துக்கொண்டிருந்தான்.

"நீங்க போறீங்கன்னு தெரியும் அங்கிள்."

ஜெயபாலன் சாவியை மேசையில் வைத்தார்.

"ஒன்னு கேக்கவா? சீட்டு விழுந்ததுக்கப்புறம் மத்தியா பேரை எங்கயாச்சும் பாத்தீங்களா? நான் தேடிட்டேன். ஒரு இடத்துலயும் இல்ல."

ஜெயபாலன் நின்றுவிட்டார். இத்தனை நாள் தோற்றவனைத்தான் தேடினார். ஜெயித்தவனைத் தேட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"முன்னல்லாம் பசங்க மாமாக் கடைக்கு டீ குடிக்க என்னைக் கூப்பிடுவாங்க. இப்ப நான் வந்தாலே பேச்சு நின்னுருது, பாஸ்டர்னு எந்திரிச்சு நிக்கிறாங்க" என்றான் ரூபேந்திரன். அடுத்த நாற்காலியை விரித்தான். "நான் ஜெபம் முடிச்சதும் ஒரு சத்தமும் வராது பாருங்க, அந்த நேரத்துல கர்த்தர்கூட இங்க இல்லாத மாதிரி இருக்கு அங்கிள்."

ஜெயபாலனுக்கு முகம் சுட்டது. தனக்கு இனித்தது இதுதானா?

போன் அடித்தது. செல்வராணி. "எங்க இருக்கீங்க பிரதர்? எல்லாரும் வந்தாச்சு. பாட்டு ஆரம்பிக்கவா?"

"நான் சபையில இருக்கேன் சிஸ்டர். தப்பு என்னோடது. எல்லாரையும் இங்க கூட்டிட்டு வந்துருங்க."

"அலமாக்! உங்களை நம்பித்தானே வெளிய வந்தோம். இப்படி நடுத்தெருவுல விட்டுட்டீங்களே!"

செல்வராணி போனை வைத்துவிட்டார். ஜெயபாலன் திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

செல்வராணி வீட்டில் கூடியவர்களில் ஒருவரும் வரவில்லை. வந்த மற்றவர்களுக்கு அவரிடம் பேச இன்னமும் வார்த்தை கிடைக்கவில்லை, தலையை மட்டும் அசைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்கள். இனி அவர் இந்தப் பாதிக்கும் இல்லை, அந்தப் பாதிக்கும் இல்லை. பழைய இடத்தில், முன் வரிசையில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் நாற்காலி காலி.

ரூபேந்திரன் ஜெபித்தான். பாதி சபைக்காக, வராதவர்களுக்காக, திக்கித் திக்கி ஜெபித்து முடித்தான். கூட்டம் காத்திருந்தது. கீழே காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"ஆமென்" என்றார் ஜெயபாலன். குரல் கம்மியிருந்தது, ஆனாலும் பின்சுவர் வரை போயிற்று.