பாலைக்கு முப்பத்திரண்டு கட்டம் மௌனம்

உலக இசை வரலாற்றில் மௌனத்துக்கு முதன்முதலாக இடம் கொடுத்த ஊர் அரியலூர். எங்கள் கச்சேரி அழைப்பிதழில் இதை எழுதியவன் நான். அதன் கீழேயே, வண்டிகளை மண்டபத்துக்குப் பின்னால் நிறுத்தவும் என்றும் இருந்தது. வந்தவர்கள் அதைத்தான் படித்திருந்தார்கள்.

வைரக்கண்ணு அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் பேண்டு மாஸ்டராக இருந்து காலமானவர். சங்கப் பாடல்களின் ஐந்து நிலங்களுக்கும் ஐந்து பகுதிகளாக இசை எழுதி, ஆலையின் ஆண்டு விழாவில் இருபது பேரை வைத்து வாசித்திருக்கிறார். அதை ஜாஸாக்கிச் சென்னை விழா ஒன்றில் சாக்ஸபோனில் வாசிக்க எனக்கு வாய்ப்பு வந்தது. குடும்பத்தின் சம்மதக் கடிதம் மட்டும் வேண்டும் என்றார்கள்.

அவர் மகள் கமலவேணி பள்ளி ஆசிரியை. தகரப் பெட்டியைத் திறந்து, மேலாகக் கிடந்த தாளை எடுத்துக் கொடுத்தார். ஐந்து நிலங்களின் பெயர்களும் அதில் இருந்தன.

"ஒண்ணு போதுங்களா? உள்ள இன்னும் நெறைய கெடக்கு."

கலைஞனுக்கு ஒரு தாள் போதும் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். வாசிப்பதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

ஒத்திகையில் என் குழுவின் வாசிம்தான் முதலில் சந்தேகப்பட்டான். லப்பைக்குடிக்காட்டுக்காரன், துபாய் ஓட்டலில் பேஸ் கிடார் வாசித்தவன். இதில் மெட்டையே காணோமே என்றான். குறிஞ்சியில் இரண்டு சுரம், நீண்ட இடைவெளி, மறுபடி இரண்டு சுரம். பாலையில் ஒரு தடித்த கோடு, அதன்மேல் முப்பத்திரண்டு என்ற எண், அத்தனை தாளக்கட்டம் வாசிக்காமல் இரு என்று பொருள், அவ்வளவுதான். தண்ணீரில்லாத நிலத்தைக் கோடாகவே எழுதிய மேதைமை உனக்குப் புரியாது என்று அரைமணி நேரம் விளக்கினேன். அவன் கிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பெரம்பலூர் மண்டபத்தில் முன்னோட்டமாக வாசித்தோம். பாலை வந்தது. முப்பத்திரண்டு தாளக்கட்டம் கண்ணை மூடி நின்றோம். மின்விசிறி மட்டும் கடகடத்தது. மைக்கு போயிடுச்சா என்று யாரோ கேட்டார். ஓரக்கண்ணால் பார்த்தேன். கமலவேணிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், உதடு அசைய, விரல்களை மடக்கி மடக்கி நீட்டினார். ஜபம் செய்கிறார், ஒருவருக்காவது எட்டியது என்று நெஞ்சு நிறைந்தது. நான் மறுபடி ஊதத் தொடங்கிய அதே நொடியில் அவர் தலை ஆடியது.

முடிந்ததும் இருவரும் மேடைக்கு வந்தார்கள். பெரியவர் வீரமுத்து, குன்னத்தில் வெங்காயம் போடுகிறவர், பழைய ஆலை பேண்டுக்காரர். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எம் பார்ட்ட இவ்ளோ மதிச்சு யாரும் வாசிச்சதில்ல."

எனக்குப் புரியவில்லை.

"நீங்க வாசிச்சது என்னோட தாளு. நான் ரெண்டாவது கிளாரினெட்டு. மெட்டு முன்னால போவும், நான் பின்னால ஒத்து குடுப்பேன். பாலையில எனக்கு வேலயே கெடையாது. எண்ணிக்கிட்டே மூக்கு சிந்திக்குவேன்."

வாசிம் திரும்பி நின்று வயரைச் சுற்ற ஆரம்பித்தான். அவன் தோள் குலுங்கியது.

கமலவேணி சிரிக்கவில்லை. "அப்பாவோட மெட்டு இப்ப வரும், இப்ப வரும்னு கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேங்க," என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். மௌனத்தைப் பற்றி என்னிடம் ஒரு மணி நேரத்துக்குப் பேச்சு இருந்தது. சாக்ஸபோனைத் துடைத்து உறையில் போட்டேன்.

நான் தட்டச்சு செய்து வைத்திருந்த கடிதத்தை அவரே கேட்டு வாங்கினார். 'முழுப் படைப்பையும்' என்ற இடத்தை அடித்து, 'வீரமுத்து அவர்களின் இரண்டாம் கிளாரினெட் பகுதியை மட்டும்' என்று அழகான ஆசிரியைக் கையெழுத்தில் எழுதி, தேதி போட்டுக் கொடுத்தார். பெட்டி வீட்டில்தான் இருக்கிறது என்றும் சொன்னார்.

அந்தத் தாளில் ஐந்து நிலத்துக்கும் சேர்த்து அறுபத்திரண்டு சுரங்கள். அவற்றில் ஏழு சுரங்களை நான் தப்பாக வாசித்திருந்ததாக வீரமுத்து சொன்னார்.