பெண்கள் வார்டின் பதினான்கு நோட்டுகள்

இருபத்தொரு வருஷம் நர்ஸ் வேலை பார்த்த பிறகு டெல்பின் நர்சிங் மாணவி ஆனாள்.

அவளிடம் இருந்தது டிப்ளமா. அதை வைத்துக்கொண்டு அவள் வேலை பார்த்த டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ் வரைக்கும் வரலாம். அதற்கு மேலே போக டிகிரி வேண்டும். ஆஸ்பத்திரியே வருஷத்துக்கு ஒருவரை இரண்டு வருஷப் படிப்புக்கு அனுப்பி வைக்கும். அந்த வருஷம் விண்ணப்பித்தவர்கள் நான்கு பேர். ஒருத்தி கர்ப்பமானாள், ஒருத்தி குவைத் போனாள், இன்னொருத்தியை வீட்டில் விடவில்லை. தேர்வுக் குழு நீண்ட பரிசீலனைக்குப் பிறகு டெல்பினைத் தேர்ந்தெடுத்ததாகக் கடிதம் வந்தது.

அவள் கணவன் பிராங்க்ளின் காரைக்கால் தலத்தெருவில் பிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருந்தான். "நாப்பத்தஞ்சு வயசுல யூனிபார்ம் மாட்டிக்கிட்டு காலேஜுக்குப் போவியா?" என்று ஒரு தடவை கேட்டான்.

"இப்ப மட்டும் என்னத்த போட்டுக்கிட்டுப் போறேன்?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. வெள்ளை வெளிர்நீலமாக மாறியதுதான் வித்தியாசம்.

வகுப்பில் மேலாண்மைப் பாடம் எடுத்தவள் நெடுங்காட்டுக்காரி இளவேனில். வயது இருபத்தெட்டு. ஏழு வருஷத்துக்கு முன்பு அவள் மாணவியாக டெல்பினின் வார்டுக்கு வந்தபோது, படுக்கை விரிப்பின் மூலையைச் சரியாக மடிக்கவில்லை என்று டெல்பின் அவளை இருபது நிமிஷம் திட்டியிருக்கிறாள். இருவருக்குமே அது நினைவிருந்தது. இருவருமே அதைப் பற்றிப் பேசவில்லை. வகுப்புக்குள் டெல்பின் "மேடம்" என்பாள். வகுப்புக்கு வெளியே இளவேனில் "அக்கா" என்பாள். வகுப்பு வாசலில் சந்தித்துக்கொண்டால் இரண்டு பேரும் வெறுமனே தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

இரண்டாம் வருஷம் ஒரு ஆய்வு வேலை வந்தது. ஒரு நர்ஸின் பக்கத்தில் டூட்டி முழுக்க உட்கார்ந்து, நிமிஷத்துக்கு நிமிஷம் என்ன செய்கிறாள் என்று எழுத வேண்டும். உதவி செய்யக்கூடாது, திருத்தக்கூடாது. எந்த வார்டு என்பதைச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். டெல்பினுக்கு அவளுடைய பெண்கள் வார்டே விழுந்தது.

"அங்க நான்தானே இன்சார்ஜ், மேடம்?"

"இப்ப நீங்க ஸ்டூடண்ட். நோயாளிக்கு ஆபத்துன்னா மட்டும் எந்திரிக்கலாம். வேற எதுக்கும் எந்திரிக்கக் கூடாது" என்றாள் இளவேனில். பிறகு குரலைத் தாழ்த்தி, "முடியுமாக்கா?" என்று கேட்டாள்.

"ஏன் முடியாது?" என்றாள் டெல்பின். முடியும் என்று அவள் நம்பவில்லை.

இருபத்தெட்டுப் படுக்கை, காலை டூட்டிக்கு இரண்டு நர்ஸ். டெல்பின் படிக்கப் போன பிறகு அவள் இடத்துக்கு வேறு யாரையும் போடவில்லை. மூத்தவர் யாரோ அவர் பார்த்துக்கொள்வார் என்று ஓர் உத்தரவு மட்டும் இருந்தது. நீல யூனிபார்மில் அவள் உள்ளே நுழைந்ததும் மருந்து ஸ்டோர்க்காரர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். "நான் ஸ்டூடண்ட்" என்றாள். "சரிங்க சிஸ்டர், இங்க ஒண்ணு, பின்பக்கம் ஒண்ணு" என்றார் அவர்.

அவள் கவனிக்க வேண்டியவள் ஜோவிதா. இருபத்து நாலு வயது, கெட்டிக்காரி. சாயங்காலம் ஆன்லைனில் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தாள் என்பது ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரியும். டெல்பின் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.

'7.32: ட்ரிப்ஸ் மாற்றுகிறார். 7.40: நோயாளியை எக்ஸ்ரேக்கு அனுப்ப டிராலி தேடுகிறார். 7.55: டிராலி தேடுகிறார். 8.04: டிராலி கிடைத்தது. தள்ள ஆள் இல்லை. தானே தள்ளிக்கொண்டு போகிறார்.'

ஒன்பது மணிக்குள் டெல்பினுக்குக் கால்கள் துறுதுறுத்தன. ஒரு தலையணை கீழே கிடந்தது. அதை எடுத்து வைக்காமல் இருக்க இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் பின்னிக்கொண்டாள்.

பத்தரைக்கு ஜோவிதா மேஜையில் உட்கார்ந்து நோட்டுகளை எடுத்தாள். சேர்க்கை நோட்டு, துணி நோட்டு, ஆக்சிஜன் நோட்டு, போன் நோட்டு என்று மொத்தம் பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் சிவப்புப் பேனாவால் கோடு போட வேண்டும். கோடு போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தது டெல்பின்தான். கோடு இல்லாத நோட்டு அவளுக்குப் பார்க்கவே பிடிக்காது.

பதினேழாம் படுக்கையில் கோட்டுச்சேரிமேட்டு குஞ்சம்மா இருந்தார். மீன் விற்கிறவர், சர்க்கரை நோய், காலில் ஆறாத புண். பதினொன்று பத்துக்கு அவர், "அம்மாடி..." என்று கூப்பிட்டார்.

"தோ வர்றேன் பாட்டி, ஒரே நிமிஷம்" என்றாள் ஜோவிதா, தலை நிமிராமல்.

'11.10: நோயாளி அழைக்கிறார். 11.10: எழுதுகிறார்.'

பதினொன்று பதினெட்டுக்கு மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை குரல் குழறியது. டெல்பின் பார்த்தாள். குஞ்சம்மாவின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. மின்விசிறி அவர் தலைக்கு நேர் மேலே முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பேப்பரை நாற்காலியில் போட்டுவிட்டு டெல்பின் எழுந்தாள்.

"என்னம்மா செய்யுது?"

"கிறுகிறுன்னு வருது மவளே. கையெல்லாம் நடுங்குது."

"காலையில என்ன சாப்டீங்க?"

"மருமவ இன்னும் வரலியே."

இன்சுலினை இன்னொரு நர்ஸ் ஏழே முக்காலுக்கே போட்டிருந்தாள். டெல்பின் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை நாற்பத்தாறுக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து, தலையைத் தாங்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது எண்பத்தொன்பது. குஞ்சம்மா கண்ணைத் திறந்து டெல்பினின் யூனிபார்மைப் பார்த்தார்.

"படிக்கிற புள்ளையா?" என்றார். "நல்லா வருவ."

ஜோவிதா பேனாவோடு பக்கத்தில் வந்து நின்றாள். "சிஸ்டர், பதினோரு மணிக்கு சுகர் பாக்கணும்னு எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதிக்கிட்டிருந்தேன்."

டெல்பின் மேஜைக்குப் போய்ப் பார்த்தாள். விரித்துக் கிடந்தது சுகர் பரிசோதனை நோட்டு. யார் யாருக்கு எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதும் நோட்டு. கட்டங்கள் அழகாக இருந்தன. அதே விவரம் ஒவ்வொரு நோயாளியின் கேஸ் ஷீட்டிலும் ஏற்கெனவே இருந்தது. நோட்டின் அட்டையில் பெயர் எழுதியிருந்த கையெழுத்து டெல்பினுடையது. நான்கு வருஷத்துக்கு முன்பு, ஒரு நோயாளிக்கு சுகர் பார்க்க மறந்துபோனார்கள் என்பதற்காக, இனி மறக்கக்கூடாது என்று அவள் தொடங்கிய நோட்டு அது.

அவள் நாற்காலிக்குத் திரும்பி, '11.18: கவனிப்பவர் எழுந்தார்' என்று எழுதினாள்.

மறுநாள் நர்சிங் சூப்பரின்டெண்ட் சௌந்தரவல்லி மாடிக்குக் கூப்பிட்டார். அறை இரண்டாவது மாடியில் இருந்தது. ஜோவிதாவுக்கான மெமோ டைப் ஆகி மேஜையில் தயாராக இருந்தது. காரணம்: கவனக்குறைவு.

"நீங்க சாட்சி. ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றார்.

"அவ ஆறு மணி நேரத்துல ரெண்டு மணி பத்து நிமிஷம் நோட்டு எழுதியிருக்கா மேடம். முக்கால் மணி நேரம் டிராலிக்குப் போயிருக்கு. நேரத்தோட எழுதி வச்சிருக்கேன்."

"அதுக்கு?"

"பதினாலு நோட்டுல ஒன்பது நான் ஆரம்பிச்சது. மெமோன்னா எனக்குக் குடுங்க."

சௌந்தரவல்லி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க ஸ்டூடண்ட். ஸ்டூடண்டுக்கு மெமோ குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்ப இன்சார்ஜுக்குக் குடுங்க."

"இன்சார்ஜ் படிக்கப் போயிருக்காங்க."

மெமோ மேஜையிலேயே கிடந்தது. அதில் கடைசி வரை யாரும் கையெழுத்துப் போடவில்லை.

டெல்பின் அறிக்கையைக் கல்லூரியில் வாசித்தாள். தன் பெயர் வர வேண்டிய இடங்களில் 'வார்டு இன்சார்ஜ்' என்று எழுதியிருந்தாள். மூன்றாவது பக்கத்தில் நின்றுவிட்டாள். "வார்டு இன்சார்ஜ்னா நான்தான். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்" என்றாள். தாள்களை இளவேனிலிடம் நீட்டினாள். மீதியை இளவேனில் வாங்கி வாசித்தாள். எங்கேயும் குரலை உயர்த்தாமல், ஒரு எண்ணையும் விடாமல் வாசித்தாள். பிறகு அதை ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினாள்.

ஆஸ்பத்திரி டெல்பினையும் சேர்த்து ஒரு குழு அமைத்தது. பெயர், நோட்டுக் குறைப்புக் குழு. முதல் கூட்டத்தில் கூட்ட நடவடிக்கைகளைப் பதிவு செய்ய ஒரு நோட்டு வாங்குவது என்று முடிவானது. இரண்டாவது கூட்டத்தில் அதற்குக் கோடு போடுவதா வேண்டாமா என்று விவாதித்தார்கள். "இன்ஸ்பெக்‌ஷனுக்கு யாராவது வந்தா எதைக் காட்டுறது?" என்று சௌந்தரவல்லி மூன்று கூட்டத்திலும் கேட்டார். நான்காவது கூட்டத்தில் டெல்பின், "நோயாளியக் காட்டலாம் மேடம்" என்றாள். நோட்டு வேலை மற்ற வார்டுகளிலும் இருந்ததால் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஐந்து நோட்டு மிஞ்சியது. டிராலி தள்ளத் தமிழ்ச்செல்வன் என்று ஓர் ஆளைப் போட்டார்கள். பெண்கள் வார்டில் கூப்பிட்ட குரலுக்கு ஆள் போய் நிற்கும் நேரம் பாதியாகக் குறைந்தது. இளவேனில் அதையும் அளந்து பார்த்தாள்.

ஜோவிதா ஜெர்மன் தேர்வில் தேறிவிட்டாள். மாசி மாதம் ராஜினாமாக் கடிதத்தை டெல்பினிடம் காட்ட வந்தாள்.

"அன்னிக்கு மெமோ வந்திருந்தா அப்பவே கெளம்பியிருப்பேன் சிஸ்டர்."

"இப்பவும் கெளம்பத்தானே போற?"

"இப்ப அழுதுக்கிட்டுப் போறேன்" என்றாள். சொன்னபடியே அழுதாள். டெல்பின் அவளுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தாள். காரைக்காலில் ஸ்வெட்டர் கிடைக்க மூன்று கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது.

டிகிரி முடிந்து திரும்பியபோது டெல்பினை நர்ஸுகளின் பயிற்சிப் பொறுப்பாளராகப் போட்டார்கள். அறை ஒன்று கொடுத்தார்கள். அதில் பாதி பழைய கட்டில்கள். அவள் முதலில் கொண்டுவந்த பயிற்சி எளிமையானது. ஒவ்வொரு இன்சார்ஜும் தன்னுடையதல்லாத வார்டில் ஒரு காலை முழுக்கச் சும்மா உட்கார்ந்து கவனித்து எழுத வேண்டும். பட்டியலைச் சுவரில் ஒட்டினாள். பத்து நாளைக்கு ஒரு பெயரும் விழவில்லை. இன்சார்ஜுகள் சும்மா உட்கார நேரமில்லை என்றார்கள்.

பதினோராம் நாள் முதல் வரியில் ஒரு பெயர் இருந்தது: சௌந்தரவல்லி.

திங்கட்கிழமை ஏழு மணிக்கே வந்து குழந்தைகள் வார்டில் உட்கார்ந்துவிட்டார். ஓய்வு பெற மூன்று வருஷமே இருக்கிற மனுஷி, ஒரு பரீட்சைப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு எழுதினார். நர்ஸுகள் பயந்துபோய்க் காலை டிபனையே சாப்பிடவில்லை. அதையும் அவர் எழுதினார். ஒரு மணிக்கு மூன்று தாளோடு டெல்பினின் அறைக்கு வந்து ஒரு பழைய கட்டிலின் மேல் உட்கார்ந்தார்.

"நான் அங்கயே உக்காந்திருக்க, என் கையெழுத்துக்கான தாள என் மேஜையில வைக்க நாலு தடவ மாடி ஏறியிருக்காங்க, டெல்பின். ஒருத்திக்கு முட்டி வலி. நொண்டிக்கிட்டே ஏறுது அந்தப் பொண்ணு. பன்னெண்டு வருஷமா மேல உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியவே தெரியாதே."

"எனக்கும் தெரியாதுதான் மேடம்" என்றாள் டெல்பின். "தண்ணி குடிக்கிறீங்களா?"

குடித்தார். டம்ளரைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் தன் அறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார். அவருடைய தேக்கு மேஜை மாடிப்படி வளைவில் திரும்பவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு நான்கு காலையும் கழற்றவைத்து, தமிழ்ச்செல்வன் அதை டிராலியில் வைத்துச் சரிவுப் பாதையில் இறக்கினான். சௌந்தரவல்லி இழுப்பறைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து வந்தார்.